ஒகனோவே தோஷிகோவுக்கு ஒரு பத்தி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் கொலாஜ், அதாவது படங்களை வெட்டி ஒட்டிப் புதுப் படம் செய்யும் கலை பற்றி வந்த கட்டுரையில் ஜப்பானின் ஒகனோவே தோஷிகோவுக்கு ஒரு பத்தியாவது கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்த ஒரு பத்தியிலேயே இரண்டு விஷயங்கள் உறுத்தின. கனவுபோன்ற காட்சிகளைப் படைத்த சர்ரியலிஸ்ட் கலைஞர்களில் முக்கியமானவரான மாக்ஸ் ஏர்ன்ஸ்டின் சீடர் என்று தொடங்கி, திருமணத்துக்குப் பின் கலையை விட்டுவிட்டார் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். டிராயிங் டீச்சராகக் கத்தரியும் பசையுமாகக் காலம் தள்ளியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஒகனோவே 1928இல் ஷிகோகு தீவின் கோச்சியில் பிறந்து (நம் பக்கத்துக் கொச்சி அல்ல), டோக்கியோவில் வளர்ந்தவர். 1950 வாக்கில் புன்கா காகுயின் என்ற கல்லூரியில் டிசைன் படித்தபோது, காகிதம் ஒட்டிப் படம் செய்யச் சொன்னார்கள். எல்லாம் அங்கிருந்துதான். ஜப்பான் அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்த காலம் அது. அவர்கள் படித்துப் போட்ட லைஃப், வோக் இதழ்கள் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்து சேரும். அவற்றை வாங்கி வெட்டினார். ஆரம்பப் படங்களில் பின்னணி ஒரே நிறத் தாள்தான். அதன்மேல் சில துண்டுகள், சுற்றிலும் வெறுமை. இவற்றைச் செய்தபோது ஏர்ன்ஸ்டின் கொலாஜ்களை அவர் பார்த்திருக்கவே இல்லை. விமர்சகர் தகிகுச்சி ஷூஸோவின் அறிமுகம் கிடைத்து, அவர் எடுத்துக் காட்டிய பிறகுதான் பார்த்தார்.

பார்த்ததும் மாறினார், அதை மறுக்கவில்லை. வெறும் தாள் போய், புகைப்படமே பின்னணியாயிற்று. இடிந்த கட்டடங்கள், மாளிகைக் கூடங்கள், கடல் எல்லாம் உள்ளே வந்தன. ஆனால் ஏர்ன்ஸ்ட் தன் கொலாஜ் நாவல்களுக்கு (கொலாஜ் படங்களாலேயே கதை சொல்லும் புத்தகங்கள்) வெட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழைய அச்சுப் படங்களை. ஒகனோவே கைவைத்ததோ தன் காலத்து ஃபேஷன் பக்கங்களில். இப்படி உடுத்து, இப்படி நில் என்று பெண்களுக்குப் பாடம் எடுத்த அதே பக்கங்கள்! கவுனின் விளிம்பை ஒட்டிக் கத்தரி போயிருக்கும் விதத்தைப் பாருங்கள். உடையை அறிந்த கை அது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விசிறியை வைத்துவிடுவார். தலையில்லாத பெண்களை ஆண் சர்ரியலிஸ்டுகளும் நிறையச் செய்தார்கள். அவர்களிடம் அவள் பெரும்பாலும் வெறும் உடம்பு. இவரிடம் தலை போன பிறகும் அந்தப் பெண் யாருக்கும் அடங்காமல் நிமிர்ந்துதான் நிற்கிறாள். ஜப்பானியப் பெண்கள் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1946இல். அப்போது இவருக்கு வயது 18. பெண்ணியவாதி என்ற பட்டம் அவருக்குத் தேவையோ இல்லையோ, அந்தப் படங்களைப் பெண்ணியத்தை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது?

சரி, இரண்டாவது விஷயம், திருமணத்துக்குப் பின் கலையை விட்டது. தகிகுச்சி கண்காட்சிகளைத் தேர்வு செய்துவந்த டோக்கியோவின் தகேமியா கூடத்தில் 1953இலும் 1956இலும் ஒகனோவே தனிக் கண்காட்சி வைத்தார். 1957இல் ஓவியர் ஃபுஜினோ கஸுதோமோவை மணந்தார். கொலாஜ் அத்தோடு நின்றது. கணவர் தொடர்ந்து வரைந்தார். ஒரே வீட்டில் இரண்டு கலைஞர்கள் இருந்தால் யார் கை ஓயும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் கொலாஜுக்குத் தனி அறைகூட வேண்டாம், மேஜையின் ஒரு மூலை போதும். அந்த மூலையும் இல்லாமல் போயிருக்கிறது. 1967இல் மகனோடு கோச்சிக்குத் திரும்பினார். கலை உலகம் அவரை மறுபடி கண்டுகொள்ள 1990கள் வரை ஆயிற்று. டோக்கியோவின் தேயென் அருங்காட்சியகம் 2019இல் பெரிய கண்காட்சி வைத்தபோது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ஏழு வருடங்கூட நிறையாத ஒரு கலை வாழ்க்கைக்குக் கிடைத்த மரியாதை அது. அந்தக் கட்டுரை பேசியிருக்க வேண்டிய இடமே இதுதான். கடைசி வரியில் ஒதுக்கிவிட்டுப் போகிற சங்கதி இல்லை.

அப்புறம் ஒரு குறை. நீங்கள் அச்சிட்டிருந்த படம் தபால்தலை அளவுக்குத்தான் இருந்தது. வெட்டும் தெரியவில்லை, ஒட்டும் தெரியவில்லை. வரும் இதழில் இடம் இருந்தால், ஏர்ன்ஸ்டைப் பார்ப்பதற்கு முன் அவர் செய்த ஒரு படத்தையும் பின்னால் செய்த ஒன்றையும் எதிரெதிர்ப் பக்கங்களில் முழு அளவில் போடுங்கள். யாருக்கு யார் சீடர் என்பதை வாசகர்களே பார்த்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்