சமையலறை ஆன்ட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

நம் ஹவாயி மொழிப் பள்ளிக் குடும்பங்களுக்கும், ஹிலோவில் இருக்கும் என் சொந்தபந்தங்களுக்கும்,

குரல் வந்துவிட்டது. பாதிதான், அதுவும் கரகரவென்று. தினமும் கொஞ்ச நேரம் பேசலாம் என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

பேசவே கூடாது என்று மொழி வாத்தியார் ஒருத்தியிடம் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்? போதாததற்குப் பேச்சுப் பயிற்சி தருகிற பெண், "சொல்லைத் தொடங்கும்போது தொண்டையை டக்கென்று அடைத்துத் திறக்காதீர்கள், குரல் நாணுக்கு ஆகாது" என்றார். எங்கள் ஹவாயி மொழியில் அந்த அடைப்பே 'ஓகினா' என்று ஒரு எழுத்து என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். இருப்பதே 13 எழுத்து, அதில் இந்த எழுத்தையும் எடுத்துவிட்டால் ஹவாயி என்ற ஊர்ப் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் சிரிக்கவும் தடை.

அமெரிக்கப் பெருநிலத்தில் இருக்கும் உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியில் பிள்ளைகள் காலையில் நேராக வகுப்புக்குள் வருவதில்லை. வெளியே வரிசையாக நின்று, உள்ளே வரலாமா என்று ஓலி என்ற மரபுப் பாட்டைப் பாடிக் கேட்பார்கள். எரிமலைத் தெய்வம் பேலேயின் தங்கை ஹியியாக்கா, கவாய்த் தீவில் வைலுவா ஆற்றங்கரையில் நின்று பாடியதாகக் கதை சொல்லும் பழைய ஓலி அது. உள்ளே இருப்பவர்கள் குரலை அடக்கிக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுத்தான் அது முடியும். குமு, அதாவது வாத்தியார், உள்ளிருந்து பதில் பாடிய பிறகுதான் அவர்கள் காலெடுத்து வைப்பார்கள்.

வீட்டில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துப் பள்ளிக்கு வந்தேனே, அந்த முதல் நாள். எனக்குப் பதிலாக நடத்த வேண்டியவர் இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளைகள் பாடி முடித்துவிட்டார்கள். பதில் இல்லை. சைகை காட்டி உள்ளே கூப்பிட்டேன், ஒருவரும் அசையவில்லை. நான்தானே அப்படிப் பழக்கியிருக்கிறேன்! ஹிலோ ஆயிற்றே, தூறலும் ஆரம்பித்துவிட்டது. கடைசி வரியை மறுபடி பாடினார்கள், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து பதில் வந்தது. சமையலறை ஆன்ட்டி. ஈர ஏப்ரனோடு, கையில் கரண்டியோடு, என் பக்கத்தில் வந்து நின்று முழுப் பதிலையும் பாடினார். "உள்ளே வா, வாய் கொள்ளாத அளவுக்குச் சாப்பிடு, நாங்கள் தரக்கூடிய கூலி குரல் ஒன்றுதான்" என்று போகும் அந்தப் பதிலை, தினமும் 'வாய் கொள்ளாமல்' பரிமாறுகிறவர் பாடிக் கேட்க வேண்டும்! இரண்டு இடத்தில் நெடிலைக் குறிலாக்கினார். திருத்த எனக்குத் தொண்டை இல்லை; இருந்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டேன்.

ஆன்ட்டி ஹவாயி வம்சம் இல்லை. தாத்தா பிலிப்பைன்ஸின் இலோகோஸிலிருந்து, ஹிலோவுக்கு வடக்கே இருக்கும் ஹமாகுவாவுக்குக் கரும்பு வெட்ட வந்தவர். 1994இல் அங்கே கரும்புக் கம்பெனி மூடியதும் குடும்பம் ஹிலோ பக்கம் வந்துவிட்டது. வீட்டில் பேசுவது பிட்ஜின் என்ற கலப்பு மொழிதான். ஒருநாள்கூட வகுப்பில் உட்கார்ந்தவர் இல்லை. சமையலறை ஜன்னல் என் வகுப்பு வாசலைப் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான். அரிசி களையும் நேரத்தில் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டே ஏறியிருக்கிறது. அதற்கப்புறம் எனக்குப் பதிலாக வந்த தம்பி சேர்ந்த பிறகும், தினமும் காலையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பாடிவிட்டுப் போனார். நோட்டில் நன்றி என்று எழுதிக் காட்டினால், "சோறு அடிப்பிடிக்கும், குமு, விடுங்க" என்பார். பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

1896இல் ஹவாயிப் பள்ளிகளில் ஆங்கிலம்தான் என்று சட்டம் வந்தது. 1984இல்தான் கவாய்த் தீவின் கெக்காஹாவில், ஹவாயி மொழியிலேயே நடக்கும் முதல் பூனனா லேயோ மழலையர் பள்ளி தொடங்கியது. அதற்கப்புறம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்று கணக்குப் போடுவதே எங்கள் பிழைப்பாக இருக்கிறது. மானியம் வாங்க அது தேவைதான், சரி. ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கிறவர்களுக்கு அந்தப் படிவங்களில் கட்டமே கிடையாது. அங்கே யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரும் விசாரித்ததும் இல்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹோனலூலுவுக்கு என்னோடு விமானத்தில் வந்தவர்கள், சேப்பங்கிழங்கு இடித்துக் கொண்டுவந்து வைத்தவர்கள், சீமைப்பலா அவித்துத் தந்தவர்கள், மெர்ரி மோனார்க் ஹூலா நடன விழா வேலையில் என் பங்கையும் சேர்த்து லேய் மாலை கட்டிய ஹூலா சகோதரிகள், வகுப்பைத் தாங்கிய பல்கலைக்கழகப் பிள்ளைகள். அப்புறம் கனியாயினா இணையத் தொகுப்பிலிருந்து 'கா லேயோ ஹவாயி' ஒலிப்பதிவுகளை எனக்குப் போட்டுக் கொடுத்த மாணவி. ஹவாயி மொழியைத் தாய்மொழியாகப் பேசிய பெரியவர்களைப் பேச வைத்து லாரி கிமூரா 1972இல் தொடங்கிய வானொலி நிகழ்ச்சி அது. பதில் பேச முடியாமல் படுத்துக்கொண்டு அந்தப் பெரியவர்களின் பேச்சைக் கேட்டேன். அவர்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எங்கே சிரிப்பை விழுங்குகிறார்கள் என்பதெல்லாம் இப்போதுதான் காதில் விழுகிறது.

ஆகவே ஒரு முடிவு. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் வகுப்பைத் திறந்து வைக்கப்போகிறேன். சமையலறை, பஸ், தோட்டம், அலுவலகம் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை, படிவமும் இல்லை. மாணவியாக உட்கார மாட்டேன் என்கிறார் ஆன்ட்டி. பாத்திரம் கழுவ ஆள் அனுப்பினால் யோசிப்பாராம். பெரிய வகுப்புப் பையன்களே, இரண்டு பேர் பெயர் கொடுங்கள்.

கடைசியாக, என் வீட்டுத் திண்ணையில் உங்கள் பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் கழுவித்தான் வைத்திருக்கிறேன். நீல மூடி போட்ட பெரிய டப்பா யாருடையது என்று தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் குமு