சொறி செத்த தண்ணீரையும் சோதியுங்கள்

பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மைய ஆய்வாளர்களுக்கும் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

திருமுல்லைவாசலிலிருந்து எழுதுகிறேன். அப்பா கடலுக்குப் போகிறவர். சித்தப்பா உப்பனாற்றங்கரையில் இரண்டு குட்டைகளில் வனாமி இறால் வளர்க்கிறார். போன பங்குனியில் ஒரு வாரம் வலை நிறையச் சொறிதான். நீங்கள் ஜெல்லி மீன் என்பதை நாங்கள் சொறி என்போம். அப்பா உதறித் தள்ளியவை காலையில் நுங்குபோலக் கெட்டியாக மணலில் கிடந்தன. மறுநாள் விரல் வைத்தால் சளியாக ஒழுகின. மூன்றாம் நாள் நாற்றம் தெருவரை வந்தது. கரையிலேயே இவ்வளவு என்றால், முகத்துவாரத்துக்குள் போய்ச் செத்தவை எவ்வளவோ! அந்தத் தண்ணீரைத்தான் சித்தப்பா மோட்டார் போட்டு இறைக்கிறார். அந்த வாரம் ஒரு குட்டையில் இறால் செத்து ஒதுங்கியது. சொறியால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

சொறியின் உடம்பில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் உப்புபோக இருப்பதில் புரதம்தான் அதிகம். உயிரோடு இருக்கும்போது அதன் சளிப்பூச்சில் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் குடியிருக்கும். செத்துவிட்டால் வேறு கூட்டம் வந்து மேயும். இத்தாலிக்குப் பக்கத்து ஏட்ரியாட்டிக் கடல் சொறியை அழுகவிட்டுப் பார்த்தவர்கள், சூடோஆல்டெரோமோனாஸ், ஆல்டெரோமோனாஸ், விப்ரியோ ஆகிய பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகியதைக் கண்டார்கள். விப்ரியோ என்ற பேரைக் கேட்டாலே இறால் வளர்ப்பவருக்கு வயிறு கலங்கும். ஸ்காட்லாந்தில் சால்மன் மீனின் செவுளை அரிக்கும் டெனாசிபாகுலம் மாரிடிமம் என்ற பாக்டீரியாவைச் சொறியின் மேலேயே கண்டிருக்கிறார்கள். எல்லா விப்ரியோவும் நோய் தராதுதான். நம் கடலில் வருவது எது என்று பார்த்துச் சொல்லத்தான் உங்களைக் கேட்கிறேன்.

அடுத்த முறை சொறி வரும்போது எத்தனை வந்தது, எந்த இனம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உயிருள்ளதிலும் அழுகியதிலும் மாதிரி எடுங்கள். முகத்துவாரத் தண்ணீரைச் சொறி வருவதற்கு முன்பே ஒரு தடவை எடுத்து வையுங்கள், அப்புறம் வந்துபோன பிறகும் எடுங்கள். முன்னது இல்லாமல் பின்னதை எதோடு ஒப்பிடுவது? படகு அப்பா தருவார். ஐஸ் பெட்டியோடு நான் வருகிறேன்.

முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி மீனவர் பஞ்சாயத்துக்கும் பண்ணைக்காரர்களுக்கும் கொடுங்கள். சொறி ஒதுங்கினால் மோட்டாரை எத்தனை நாள் நிறுத்தணும் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பக்கத்தில் முதல் வரியாக அது இருக்கட்டும்.