பிட்டர் படித்தவருக்குப் பம்ப் தெரிய வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணன் மகன் ஓர் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு பிட்டர் (இயந்திரப் பாகங்களைப் பொருத்துபவர்) பயிற்சியை முடித்துவிட்டு, இங்குள்ள ரசாயன ஆலை ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது, ஒரு பம்பைக் காட்டி அதன் சுழலும் தண்டு வழியே திரவம் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் என்ற பாகத்தைக் கழற்றி மாற்றச் சொன்னார்களாம். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, இம்மி பிசகாமல் சதுரமாக்கத் தெரிந்த பையன், அந்தப் பாகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறான்.

அரம் பிடிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. கைப்பழக்கம் அதில்தான் வரும். ஆயினும் சாயம், மருந்து, ரசாயனம் என ஆலைகள் நிற்கும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அருகில் வைத்துக்கொண்டு, வால்வு, பம்ப் பராமரிப்பையும் கசிவு நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றையும் விரிவாகக் கற்றுத்தராமல் இருப்பது எந்த வகையில் நியாயம்?

தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்த முன்வந்தது வரவேற்கத்தக்கதே. புதிய இயந்திரங்களோடு, அவற்றைக் கற்பிக்கும் பயிற்றுநர்களும் ஆண்டுக்குச் சில வாரங்கள் ஆலைக்குள் வேலை பார்த்துத் திரும்ப ஏற்பாடு வேண்டும்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களை (அப்ரண்டிஸ்) சேர்ப்பது கட்டாயம். சிப்காட் ஆலைகள் ஒவ்வொன்றும் எத்தனை பேரை, எந்தப் பிரிவில் சேர்த்தன என்பதை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட்டால், ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர் முதுநகர்