மல்லிக்காக ஓடி வந்தவர்களுக்கு

சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் நாய் மல்லிக்குத் தையல் பிரித்தாயிற்று. இனி வழக்கம்போல் நடக்கலாம், ஓடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் "மல்லி எப்படி இருக்கு?" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் நின்று நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அன்று மாலை கீழ்த்தளத்தில் கயிறில்லாமல் வந்த பெரிய நாய் மல்லியின் தோளைக் கவ்வி உதறியபோது, அம்மாவால் அலறத்தான் முடிந்தது. காப்பிக் கடையிலிருந்து ஓடி வந்த அங்கிள், முதல் நன்றி உங்களுக்கு. பதற்றத்தில் யாராக இருந்தாலும் கையை நடுவில் விட்டிருப்பார்கள், கடியும் வாங்கியிருப்பார்கள். நீங்கள் குடையை அதன் முகத்துக்கு நேரே படாரென்று விரித்தீர்கள். அது மிரண்டு வாயைத் திறந்த நொடியில், இன்னொருவர் அதன் பின்னங்கால்கள் இரண்டையும் தூக்கிப் பின்னால் இழுத்துவிட்டார். அவர் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. உணவு கொண்டுவந்து கொடுக்கும் வேலையில் இருப்பவர் போலிருந்தது என்று அம்மா சொல்கிறார். தெரிந்தவர்கள் தயவுசெய்து இதை அவரிடம் காட்டுங்கள்.

எங்கள் மாடி மக்சிக் (மலாயில் 'ஆண்ட்டி'), உங்கள் சமய வழக்கப்படி நாயைத் தொடுவதைத் தவிர்ப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டிலிருந்து பெரிய துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தீர்கள், அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த ஆதரவை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அப்புறம் ஐந்தாம் மாடி அக்கா. மல்லி இன்று உயிரோடு இருப்பதற்கு நீங்கள்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வெளியே பார்த்தால் நாலு சின்னத் துளைகள், ரத்தமும் அதிகமில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம், வலிக்கு அரைப் பனடால் (பாரசிட்டமால்) மாத்திரை கொடுங்கள் என்று சுற்றி நின்றவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். மனிதர்களுக்குத் தாதியாக இருக்கும் நீங்கள், "பனடால் நாய்க்கு விஷம், எதையும் கொடுக்காதீங்க, இப்பவே கிளம்புங்க" என்று ஒரே பிடியாக நின்றீர்கள். மருத்துவர் முடியை மழித்த பிறகுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. பல் இறங்கிய இடம் சிறிதுதான். ஆனால் கவ்வி உதறும்போது தோல் தசையிலிருந்து பிய்ந்துவிடுகிறது, தசை நசுங்குகிறது, பல்லோடு போன கிருமி அந்த இடைவெளியில் தங்கிவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்து விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் ஒன்றுமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மயக்க மருந்து கொடுத்து, உப்புநீரால் உள்ளே கழுவி, நீர் வடிய ஒரு ரப்பர் குழாயை வைத்தார்கள். சில நாள் கழித்து ஒரு பகுதித் தோல் கறுக்கலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அப்படியே நடந்தது. கறுத்ததை வெட்டி எடுத்து மறுபடி தைத்தார்கள். காலை வரை காத்திருந்தால் நிலைமை வேறு.

பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் நாயை ஏற்ற முடியாது. அந்த நேரத்தில் ரத்தம் வடிகிற நாயைப் பார்த்தும், பின் இருக்கையில் செய்தித்தாளை விரித்துவிட்டு "ஏறுங்கள்" என்ற டாக்ஸிக்காரருக்கும், இரவு முழுக்க விழித்திருந்த மருத்துவமனைத் தாதியருக்கும் என் வணக்கம்.

தஞ்சாவூரிலிருந்து சித்தி பதறிப்போய், "வெறிநாய்க்கடி ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். நியாயமான பயம். சிங்கப்பூரில் 1953 முதல் அந்த நோய் இல்லை என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர் போனை வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மல்லி எதையும் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஆண்ட்டி, வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் சேர்க்காமல் கோழிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது என்று நீங்களாகவே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்ததை எப்படி மறப்பது? அவள் முதலில் நக்கியது அந்தக் கஞ்சியைத்தான்.

காயத்தைவிடப் பயம்தான் ஆற நாளானது. மின்தூக்கிக் கதவு திறந்தாலே நடுங்கினாள். தூரத்தில் நாய்ச் சங்கிலிச் சத்தம் கேட்டால் தரையோடு ஒட்டிக்கொண்டாள். கலப்பின நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்ய 2012ல் தொடங்கிய புராஜெக்ட் அடோர் திட்டம் இல்லையென்றால், மல்லி மாதிரி கலப்பின நாய் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வந்திருக்கவே முடியாது. அவளைத் தத்துக் கொடுத்த காப்பக அக்கா வேலை முடிந்த கையோடு வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இழுக்கக் கூடாது, அதட்டக் கூடாது. இன்னொரு நாயை அவள் பார்க்க வேண்டும், ஆனால் பயம் வராத தூரத்தில். பார்த்ததும் வாயில் ஒரு துண்டுக் கோழி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

இதற்கு இன்னொரு நாய் வேண்டுமே! பூடில் வளர்க்கும் தம்பதி, நீங்கள் கார் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடியில் உங்கள் நாயை உட்காரவைத்துப் பொறுமையாக நின்றீர்கள். வேலைக்குப் போகும் அவசரத்திலும் நின்றீர்கள். எதிர் புளோக் தம்பி, உன் நாயை வெளியே கூட்டிப்போகும் நேரத்தையே எங்களுக்காக மாற்றிக்கொண்டாய். இப்போது பூடிலைப் பூப்பந்துத் திடல் அகலத்தில் பார்த்தால் மல்லி வாலை ஆட்டுகிறாள். வாலாட்டல் இவ்வளவு பெரிய செய்தி என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த நாயின் உரிமையாளரைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். நடந்ததைக் கைப்பேசியில் பதிவுசெய்து கொடுத்த மாணவரின் உதவியால், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையிடம் புகார் கொடுத்திருக்கிறோம். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த நாய் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை.

ஒரு வேண்டுகோள். மல்லி இன்னும் பின்பக்கமிருந்து வரும் நாய்களுக்குப் பயப்படுகிறாள். நாயோடு வருபவர்கள் சற்றுத் தள்ளி நின்று, எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் தாராளமாக வந்து தடவிக் கொடுக்கலாம், இடது தோளை மட்டும் தொட வேண்டாம். மக்சிக்கின் துண்டுகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்கி வைத்திருக்கிறோம். கஞ்சி வந்த டப்பாக்களும் கழுவித் தயாராக இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை மாலை அம்மா வடை சுடுகிறார், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
மல்லி வீட்டார்