மணியின் செலவுக் கணக்கு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் நாய் மணியின் சாப்பாட்டு மூட்டை மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது, கை கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். விலை குறைந்த மூட்டைக்கு மாறலாமா, வீட்டிலேயே சமைத்துப் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடு. நாய்ச் சாப்பாட்டில் பணம் ஒழுகுகிற பெரிய ஓட்டை அளவில்தான் இருக்கிறது. விலையைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் எடை. எடை பார்க்கும் மெஷினில் நீ மட்டும் ஏறிப் பார், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறு. வித்தியாசம்தான் அவன் எடை. தூக்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் போகும்போது அங்கே இருக்கும் மேடைத் தராசில் நிறுத்திக் குறித்துக்கொள்.

அவன் 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கைபேசியில் 18 × 18 × 18 போடு, 5,832 வரும். வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்து, 8.74 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 612. சும்மா படுத்துக் கிடந்தாலும் அவன் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் கிலோ கலோரி இது. கருத்தடை செய்த, வளர்ந்த வீட்டு நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 980. கருத்தடை செய்யாத நாய்க்கு 1.8. குண்டாகிவிட்ட நாய்க்கு, அது இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்குப் போட்டு 1-ஆல் பெருக்கினால் போதும். குட்டிக்கும் கர்ப்பமான நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இது தொடக்கப் புள்ளிதான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களில் ஒன்றுக்கு இதைவிடக் கால் பங்கு குறைவாகவே போதும், இன்னொன்றுக்கு அதிகம் தேவைப்படும். தீர்ப்புச் சொல்வது விலா எலும்பு. உன் கையை விரித்து, புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவிப் பார். மணியின் விலாவும் அப்படித்தான் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேடக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்து, ஏறினால் பத்தில் ஒரு பங்கு குறை, இறங்கினால் அதே அளவு கூட்டு.

குறைத்துப் போட்டால் பாவம் என்று உனக்குத் தோன்றும். லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகப் போட்டு, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலிக்கு மருந்து தொடங்க வேண்டி வந்ததும் அவற்றுக்குப் பிந்தித்தான். உன் செலவுக் கணக்குக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

இனி மூட்டைக்கு வருவோம். மூட்டையில் அச்சடித்திருக்கும் அளவு அட்டவணை பொதுவாகத் தாராளமாகவே இருக்கும், அதை அப்படியே பின்பற்றாதே. நீ தேட வேண்டியது ஒரு கிலோவில் எத்தனை கிலோ கலோரி என்ற எண்ணை. அது இல்லாவிட்டால் நீயே போட்டுக்கொள்ளலாம். புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10 சதவீதம் என்று இருக்கிறது, சாம்பல், அதாவது தாது உப்புகள், குறிப்பிடவில்லை என்றால் 7 என்று வைத்துக்கொள். எல்லாவற்றையும் கூட்டி 100-இல் கழித்தால் 43, அது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆல் பெருக்கு, கொழுப்பை 8.5-ஆல் பெருக்கு. 84, 150, 102. ஆக 100 கிராமில் ஏறக்குறைய 336 கிலோ கலோரி.

இந்த எண் கையில் வந்த பிறகுதான் விலையை ஒப்பிட வேண்டும். ஒரு மூட்டையில் 100 கிராமுக்கு 400, இன்னொன்றில் 320 என்றால், இரண்டாவது கிலோவுக்கு 20 சதவீதம் விலை குறைந்திருந்தாலும் உனக்கு லாபம் சுழி. கிலோ விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் மாறுவதைப் பற்றி யோசி. டப்பாவில் வரும் ஈரச் சாப்பாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதைக் கிலோ விலையில் உலர் உணவோடு ஒப்பிடுவதே தப்பு. பிறகு, "வயது வந்த நாய்க்கு முழுமையான, சமச்சீரான உணவு" என்ற வாசகம் மூட்டையில் இருக்கிறதா என்று பார். "துணை உணவு" என்று போட்டிருந்தால் அதை மட்டும் நம்பி நாயை வளர்க்க முடியாது, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மணிக்கு 980-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 98 கிலோ கலோரி, பிஸ்கட்டுக்கும் நொறுக்குக்கும் ஒதுக்கு. அதற்கு மேல் போகக் கூடாது. ஒரு பிரெட் துண்டிலேயே 75, 80 போய்விடும், அதனால் இந்தப் பங்கு நினைப்பதைவிடச் சின்னது. மீதி 880. 100 கிராமுக்கு 360 உள்ள உணவென்றால் 245 கிராம் வருகிறது. இதைச் சமையல் தராசில் நிறுத்துப் போடு, கோப்பையால் அளக்காதே. ஒரு வேளைக்கு 20 கிராம் கூடினால் நாளைக்கு 40, மாதத்துக்கு 1,200 கிராம். இது அவனுடைய ஐந்து நாள் சாப்பாடு. உன் மூட்டை எங்கே போகிறது என்பதற்குப் பதில் இதில் இருக்கலாம். காலையிலேயே நாள் முழுக்கத் தேவையானதை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டால், பழக்கும்போது கொடுக்கும் பரிசையும் அதிலிருந்தே எடுக்கலாம், தனியாக வாங்க வேண்டாம். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேரும் தெரியாமல் சாப்பாடு போடுவதும் இதனால் நின்றுபோகும்.

பெரிய மூட்டை கிலோ விலையில் மலிவுதான். ஆனால் திறந்த பிறகு அதிலுள்ள கொழுப்பு காற்றுபட்டுக் காறிப்போகும், வைட்டமின்களும் குறையும். திறந்தால் ஆறு வாரத்துக்குள் தீர்க்கப் பார். 245 கிராம் கணக்கில் 42 நாளுக்கு 10.3 கிலோ. அப்படியானால் உனக்குச் சரியான மூட்டை 10 கிலோ. 20 கிலோ மூட்டை வாங்கினால் கடைசிப் பாதி கெட்ட எண்ணெய் வாடையோடு கிடக்கும், அவன் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவான். 5 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளைக்கு 100 கிராம்தான் போகும், அங்கே 4 கிலோ மூட்டையே அதிகபட்சம். உணவை டப்பாவில் கொட்டாமல், மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டி, மூட்டையோடு டப்பாவுக்குள் இறக்கு. தயாரிப்பு எண்ணும் தேதியும் மூட்டையில்தான் இருக்கின்றன, ஏதாவது கோளாறு என்றால் அவை வேண்டும். பழையதன் மேல் புதியதைக் கொட்டினால் அடியில் கிடக்கும் காறிய தூள் புதியதையும் கெடுக்கும்.

தள்ளுபடி வருகிறதென்று மாதத்துக்கு ஒரு வகை மாற்றாதே. மாற்ற வேண்டுமென்றால் ஏழு நாள் எடுத்துக்கொள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுசும். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது டாக்டர் கட்டணத்தில் போய்விடும்.

வீட்டுச் சமையல் பற்றிக் கேட்டாய். சோறும் கோழியும் வயிறு சரியில்லாத இரண்டு மூன்று நாளுக்குச் சரி, மாதக்கணக்கில் சரிவராது. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. 100 கிராம் கோழியில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் கால்சியம் 15 மில்லிகிராம்கூடத் தேறாது. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும், குட்டிகளுக்குக் கால் வளைந்தே போகும். முட்டை ஓட்டுத் தூள் கால்சியத்தைச் சரிசெய்யும், ஆனால் துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் அப்போதும் குறையும். கால்நடை உணவு நிபுணர் எழுதித் தந்த அளவுப்படி, துணைச் சத்துத் தூளும் வாங்கிச் சமைத்தால் நன்றாகவே வளரும். எரிவாயு, நேரம், தூள் எல்லாம் சேர்த்தால் நடுத்தர விலை மூட்டையைவிட மலிவாக வருமா என்பது என் சந்தேகம். அந்த 98 கிலோ கலோரிக்குள் வேகவைத்த காரட், பீன்ஸ், கொஞ்சம் முட்டை போடு, அது போதும்.

மீந்த குழம்பைப் போடுவது சிக்கனமே இல்லை அம்மாடி. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும். சாக்லேட் வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் மிகச் சிறிய அளவிலேயே ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார். வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

மாதச் செலவு இவ்வளவுதான். உண்மையில் கையைக் கடிப்பது மாதச் செலவு இல்லை, வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மொத்தமாக வந்து நிற்கும் செலவுதான். ஒரு தாளை எடுத்து வருஷாந்தரச் செலவை எழுது: உடல் பரிசோதனை, தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, உன் ஊரில் கேட்டால் உரிமக் கட்டணம், நீ வெளியூர் போகும் நாட்களில் விட்டுவைக்கும் செலவு. கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடு.

இதில் குறைக்க முடிந்ததும் உண்டு, முடியாததும் உண்டு. பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ வைரஸ் தடுப்பூசிகளைக் குட்டிப் பருவத்தில் முழுசாகப் போட்டு, அடுத்த ஊக்க ஊசியும் போட்டாயிற்று என்றால், பிறகு அவை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும். எலிக்காய்ச்சல் ஊசி வருஷா வருஷம் வேண்டும். ரேபிஸ் ஊசி, மருந்தின் லேபிளும் அந்த இடத்துச் சட்டமும் சொல்கிறபடி. எது எந்த வருஷம் என்று டாக்டரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள், வேண்டாத ஊசிக்குப் பணம் கட்ட வேண்டி வராது. குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எடைக்குத் தக்கபடி. பெரிய நாய்க்கான உண்ணி மாத்திரையை வாங்கி வெட்டிப் பங்கு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. மருந்து மாத்திரை முழுக்கச் சீராகப் பரவியிருக்கும் என்று உறுதி இல்லை, ஒரு துண்டில் குறையும், இன்னொன்றில் கூடும். கொசு உள்ள இடமென்றால் இதயப்புழுத் தடுப்பைப் பற்றியும் கேள். அந்த நோய்க்குச் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும்.

பல் விஷயத்தில் காசே செலவில்லாமல் பெரிய செலவைத் தள்ளிப்போடலாம். பல்லில் படியும் அழுக்கு சில நாளிலேயே கல்லாக இறுகிவிடும். அதற்குப் பிறகு மயக்க மருந்து கொடுத்துத்தான் சுரண்ட முடியும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை தேய்ப்பதில் பயனில்லை, தினமும் தேய்க்க வேண்டும். மென்மையான பிரஷ், நாய்களுக்கான பேஸ்ட். நம்முடையதில் ஃபுளோரைடு இருக்கும், சிலவற்றில் சைலிட்டாலும் இருக்கும், அவன் துப்பத் தெரியாதவன். வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும், உள்பக்கத்தை நாக்கே பார்த்துக்கொள்ளும். நகம் வெட்டுவதையும் வீட்டிலேயே பழகு. கறுப்பு நகமென்றால் மெல்லிய சீவல்களாக வெட்டு, வெட்டிய முகத்தின் நடுவில் கருமையான புள்ளி தெரிந்ததும் நிறுத்து. ரத்தம் வந்தால் சோள மாவை அழுத்தி வை. குளியல் மாதம் ஒரு முறை போதும். படுக்கைக்குப் பழைய போர்வை போதும். பழைய சாக்ஸை மட்டும் விளையாடக் கொடுக்காதே, விழுங்கினால் குடல் அறுவைதான்.

அவசர நிதி தனி. டாக்டரிடமே கேள்: "விழுங்கிய பொருளை எடுக்கும் அறுவையும் இரண்டு நாள் தங்கலும் ஏறக்குறைய எவ்வளவு ஆகும்?" அந்தத் தொகைதான் உன் இலக்கு. 24-ஆல் வகுத்து மாதா மாதம் சேர். காப்பீடு எடுப்பதென்றால் அவன் இளசாக, நோய் எதுவும் பதிவாகாமல் இருக்கும்போதே எடு. முன்பே இருந்த நோய்க்குப் பொதுவாகத் தர மாட்டார்கள். பில் 100 என்றால் முதல் 20 உன்னுடையது, மீதியில் 20 சதவீதமும் உன்னுடையது என்றால், கைக்கு வருவது 64. காத்திருப்புக் காலம், வயது ஏற ஏறப் பிரீமியம் எப்படி ஏறும், இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்னால் கேள்.

பில் பெரிதாக வரும்போது கேட்க வெட்கப்படாதே. "இந்தப் பரிசோதனையின் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?" என்று கேள். மாறாதென்றால் தள்ளிவைக்கலாம். அதே மருந்து விலை குறைந்த பொதுப்பெயரில் கிடைக்குமா, மதிப்பீட்டை எழுதித் தர முடியுமா என்றும் கேள். ஆனால் காத்திருக்கவே கூடாத நேரங்கள் உண்டு: வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருப்பது, சிறுநீர் போக முடியாமல் முக்குவது, ஈறு வெளுப்பது, மூச்சுத் திணறல், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீளும் வலிப்பு. அப்போது உன் பெட்டியிலிருக்கும் பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துப் பார்க்காதே. கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு, ஒரு நாள் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாரம் அனுமதிக்க வேண்டி வரும்.

அடுத்த கடிதத்தில் அவன் எடையையும், மூட்டையில் போட்டிருக்கும் கலோரி எண்ணையும் எழுது. மீதிக் கணக்கை நான் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா