பிரிட்ஜில் சுர்ரென்பது வேறு, பர்தா ஒட்டுவது வேறு

மண்டபம்

அன்பு மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். கச்சான் காற்று பிடித்துவிட்டது. கீழக்கரையிலும் அப்படித்தான் இருக்கும்.

கடை ஏசியில் தங்கச்சியின் பர்தா காலோடு ஒட்டுகிறது, வீட்டு பிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது, இரண்டும் நிலைமின்சாரம்தானே என்று கேட்டிருந்தாய். பர்தா விஷயம் சரி. பிரிட்ஜை நினைத்துத்தான் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதுகிறேன்.

நிலைமின்சாரம் ஒரே ஒரு தடவை டிக்கென்று தட்டும். உடம்பில் சேர்ந்தது அதோடு இறங்கிவிடும், உடனே மறுபடி தொட்டாலும் ஒன்றுமிராது. நீ எழுதியிருப்பதோ, கை வைத்திருக்கும்வரை சுர்ரென்கிறது, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றால் கூடுகிறது என்று. அது கரண்ட் கசிவு மாப்ளே. நம் கரையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். காற்று நன்றாகக் காய்ந்தால்தான், அதிலும் 40க்குக் கீழே இறங்கினால், நிலைமின்சாரம் அதிகம் தலைகாட்டும். அதே உப்பீரம் எர்த் கம்பியைத் தின்றுவிடும், கசியும் கரண்ட் உன் உடம்பு வழியாக இறங்கப் பார்க்கும்.

சுவிட்சை அணைத்து, உலர்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கி வை. எலக்ட்ரீஷியன் வந்து மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் காட்டிவிட்டு எழுந்தால் விடாதே. பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த்தும் மீட்டரில் 230 காட்டும். எர்த் டெஸ்டர் வைத்து எர்த்தின் மின்தடையை ஓமில் அளக்கச் சொல். 5க்குள் வந்தால் நிம்மதி. வராவிட்டால் முதலில் எர்த் குழியில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் கம்பியையும் இறுக்கும் கிளாம்ப்பைப் பார்க்கட்டும், அதுதான் துருவேறும் இடம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, புது போல்ட் முடுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் இந்தக் கையோடு போட்டுவிடு. மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார். எர்த் சரியான பிறகும் பிரிட்ஜைப் போட்டதும் அது விழுந்தால், கசிவு பிரிட்ஜுக்குள்ளே இருக்கிறது. மெக்கானிக் பார்க்காமல் ஓட்டாதே.

பர்தாவுக்கு வருகிறேன். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும், பர்தா தைக்கும் பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைக்காது. ஏசி அறை ஈரத்தை வடித்துக் குழாயில் சொட்டவிட்டதும், உரசலில் சேர்ந்த மின்னூட்டம் இறங்க வழியில்லாமல் துணியிலேயே நிற்கிறது. உள்ளே நைலான் பாவாடை என்றால் இன்னும் மோசம்: ஒன்று நேர், மற்றது எதிர், இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பருத்திப் பாவாடைக்கு மாறினாலே பாதி தீரும். கடைசி அலசலில் வாளிக்கு அரை மூடி கம்ஃபர்ட் (துணியை மிருதுவாக்கும் திரவம்) போதும், கூடினால் கறுப்புத் துணியில் திட்டு விழும். அவசரத்துக்கு உள்ளங்கையில் தண்ணீர் தொட்டு உட்புறம் தடவலாம். ஏசியை 26ல் வை.

தம்பியிடமும் ஒன்று சொல். வள்ளத்துக்குப் பெட்ரோல் பிடிக்கும்போது பிளாஸ்டிக் கேனை ஆட்டோவில் வைத்தபடியே பிடிக்கக் கூடாது. பெட்ரோல் ஓடும் வேகத்திலேயே மின்னூட்டம் சேரும். கேனைத் தரையில் இறக்கி, நாசில் கேன் வாயைத் தொட்டபடி மெதுவாக விடச் சொல்ல வேண்டும்.

எத்தனை ஓம் வந்தது என்று எழுது. அதுவரை பிள்ளைகளை பிரிட்ஜ் பக்கம் விடாதே.

உன் மாப்ள