அடுத்த கட்டில் அம்மாவுக்கு

போன ஆடியில், வேலூர் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு அடுத்த கட்டிலில் பேரனோடு இருந்தீர்கள். ஆம்பூர்ப் பக்கம் என்று சொன்ன ஞாபகம். பெயர் கேட்கவே தோன்றவில்லை.

என் மகளுக்கு அப்போது 4 மாதம். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், இன்னும் இரண்டு கோளாறு. டாக்டர் படம் போட்டு விளக்கினார். தலையாட்டினேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

அன்று விடியற்காலை அழுதழுது அவள் உதடும் நகமும் நாவல்பழம் மாதிரி ஆகிவிட்டன. நான் கத்தினேன், அவ்வளவுதான். நீங்கள்தான் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, "இப்படிப் பிடிம்மா" என்று அவள் முழங்கால் இரண்டையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்தீர்கள். நர்ஸ் ஓடிவந்து ஆக்சிஜன் வைத்தார். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 58, 64, 71... காலை மடக்கினால் உடம்புப் பக்கம் ரத்த அழுத்தம் கூடி, நுரையீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் போகுமாம். டாக்டர் அப்புறம் சொன்னார். உங்களுக்கு அது பேரனை வைத்துக்கொண்டு பழகிய பாடம்.

"நீ அழுதா அதுவும் அழும்" என்று ஓர் அதட்டல். பிறகு ஆற்காடு ரோட்டிலிருந்து இட்லி வாங்கிவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பாப்பாவை வைத்திருந்தீர்கள். என் மாமியார்கூட அப்படி மிரட்டிச் சாப்பிட வைத்ததில்லை!

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குத் திரும்பியபோது உங்கள் கட்டிலில் வேறு யாரோ. பாப்பா இப்போது குடியாத்தத்தில் வீடு முழுக்கத் தவழ்கிறாள். நன்றி அம்மா. டீ கொடுத்த உங்கள் எவர்சில்வர் டம்ளர் என்னிடம்தான் இருக்கிறது. அடியில் வெட்டிய பெயர் தேய்ந்து, 'சா' மட்டும் தெரிகிறது.